கல்லா மேசையில் ஒரு வரைபடம்

ரமளான் பிறை தென்பட்டால் எங்கள் ஹார்டுவேர் கடையில் ஆண்டுதோறும் ஒரே சங்கடம். அத்தாவின் ஜகாத் கணக்கு ரமளான் முதல் நாளுக்கு உரியது. ஆடிட்டர் கையொப்பமிட்டுத் தரும் இருப்புநிலைக் குறிப்போ மார்ச் 31-க்கு உரியது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், இவ்விரு தேதிகளும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே இருக்கும். அத்தா பழைய கணக்கைப் பார்த்து, உத்தேசமாகச் சற்றுக் கூட்டிக் கொடுத்துவிடுவார். கொடுத்த பிறகும் அவருக்கு மனம் அமைதியடையாது. கடையில் சின்னத்தாவுக்கும் பங்கு உண்டு. எங்கள் உத்தேசம் அவருடைய ஜகாத்தையும் தொடுகிறது.

கணக்கு முழுவதும் டேலியில்தான் இருக்கிறது. அன்றைய நிலையை அன்றே கண்ணால் பார்க்க வழி உண்டா என்று தேடியபோது, டேலியை எக்செலுடன் நேரடியாக இணைக்கலாம் என்று அறிந்தேன். டேலி அமைப்புகளில் 'கனெக்டிவிட்டி' என்ற பகுதியில் ஓடிபிசி வசதியை இயக்க வேண்டும்; வழக்கமான போர்ட் எண் 9000. பிறகு எக்செலின் டேட்டா பட்டியலில் ஓடிபிசியைத் தேர்ந்தெடுத்தால், லெட்ஜர்களின் பெயரும் குழுவும் இறுதி இருப்பும் வரிசையாக வந்து இறங்கும். அதன்மேல் வரைபடம் அமைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி வைத்தேன். எக்செலும் ஓடிபிசி டிரைவரும் ஒரே பிட் வகையாக இருந்தாக வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் ஓர் இரவு கழிந்தது.

முதல் படம் தலைகீழாக வந்தது. எங்களுக்கு வரவேண்டிய பணமெல்லாம் கோட்டுக்குக் கீழே தொங்கியது. டேலி பற்று இருப்பைக் கழித்தல் குறியோடு அனுப்புகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. குறியை மாற்றியதும் தூண்கள் நிமிர்ந்தன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: டேலியை மூடிவிட்டால் படம் அழிவதில்லை, பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நேற்றைய கணக்கை இன்றையது என்று நம்பி ஒருமுறை சின்னத்தாவிடம் தவறாகச் சொல்லியிருக்கிறேன்.

பெருமிதத்தில் ஒரு காரியம் செய்தேன். கடன் பாக்கி வைத்திருப்போரைப் பெயர்வாரியாகத் தூண்களாக்கி, திரையைக் கல்லா மேசையிலேயே வைத்துவிட்டேன். வருவோர் போவோர் கண்ணிலும் படும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. உண்மையில், பட்டால் வசூலுக்கு நல்லது என்றே உள்ளூர நினைத்தேன். ஒரு நாள் மேஸ்திரி ஒருவர் தம் ஆட்கள் இருவரோடு சிமெண்ட் வாங்க வந்தார். எல்லாவற்றிலும் உயரமான தூண் அவருடையது. அவருக்கு முன்பே அவருடைய ஆள் அதைப் படித்துவிட்டான். அவர் எதுவும் வாங்கவில்லை. "பிறகு வருகிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று இஷாவுக்குப் பிறகு அத்தா என்னை அழைத்தார். அந்த மேஸ்திரியின் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததும், ஆறு மாதமாகப் பெரிய வேலை எதுவும் அவருக்குக் கிடைக்காததும் அத்தாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கடனை எழுதி வைப்பது மார்க்கம் சொன்னதுதானே என்று நான் வாதாடினேன்.

"பகராவில் எழுதச் சொல்லும் ஆயத்து 282. அதற்கு இரண்டு ஆயத்து முன்னால் என்ன இருக்கிறது, தம்பி?"

சிரமத்தில் இருப்பவனுக்கு அவகாசம் கொடுப்பது பற்றியது அது. எனக்குத் தெரிந்த ஆயத்துதான். திரையைத் திருப்பி வைத்தேன். மறுநாள் பெயர்களையே படத்திலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது நான்கு தூண்கள் மட்டுமே: கையிருப்பும் வங்கியும், சரக்கு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது.

இந்த ரமளான் முதல் நாள் அஸருக்குப் பின் மூவரும் அதன்முன் அமர்ந்தோம். சரக்குத் தூணை அப்படியே எடுக்க முடியவில்லை. எங்கள் டேலியில் சரக்கு வாங்கிய விலையில் நிற்கிறது. ஜகாத்துக்கு அன்றைய சந்தை மதிப்பு வேண்டும். கம்பியையும் பெயிண்டையும் தனியே விலை போட்டோம். வரவேண்டியதில் எது திரும்பும், எது திரும்பாது என்று அத்தா தனித்தாளில் குறித்தார். ஐயத்துக்குரிய கடனுக்குக் கையில் வரும்போது ஜகாத் கொடுத்தால் போதும் என்று ஹஜ்ரத் முன்பே சொல்லியிருந்தார். அந்தத் தாளை அத்தா எனக்குக் காட்டவில்லை. கூட்டுத்தொகையை மட்டும் சொன்னார். இரண்டரை சதவீதம் கணக்கிட்டோம். சின்னத்தா தம் பங்கை எழுதிக்கொண்டார்.

மேஸ்திரி சென்ற வாரம் வந்தார். நான்கு மூட்டை சிமெண்ட், ரொக்கம். அத்தாவோடு தேநீர் அருந்தினார். என் மேசைப் பக்கம் அவர் திரும்பவில்லை. ஸலாம் சொல்ல நான்தான் எழுந்து போனேன்.