ஏட்டில் ஏறிய வம்சம்

அரபு மொழியில் "அஸீல்" என்றொரு சொல் உண்டு. வேர் என்னும் பொருள்படும் "அஸ்ல்" என்ற சொல்லோடு உறவுடையது. பாலைவனத்து அரபிகள் தம் தூய குதிரைகளை இச்சொல்லாலேயே குறித்தனர். குஹைலான், ஸக்லாவி, ஹம்தானி என அவற்றுக்குக் குலப்பெயர்களும் உண்டு; அப்பெயர் தாய்வழி வருவது. மனிதனைத் தகப்பன் பெயரால் அறிந்த சமூகம் குதிரையைத் தாயால் அறிந்தது வியப்பன்றோ!

அக்குதிரைகள் நமக்கு அந்நியமல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை காயல் துறையில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். காயல் முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்தன என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப்.

நாவில் நின்ற வம்சாவளி பின்னர் ஏட்டில் ஏறிற்று. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் பதிவேடு 1791இல் அச்சாயிற்று. அவ்வினத்தின் தந்தைவழி, கீழை நாடுகளிலிருந்து சென்ற மூன்றே குதிரைகளில் முடிகிறது. 1913இல் விதி இறுகியது: முன்னோர் அனைவரும் ஏட்டில் இல்லாத குதிரை இனிப் பதியப்படாது, அது கலப்பினமே. அமெரிக்கக் குதிரைகள் பல இவ்வாறு தள்ளப்பட்டன. தள்ளப்பட்டவையோ பந்தயங்களில் வென்றன. 1948இல் பிளாக் டார்க்வின் என்னும் "கலப்பு" செயின்ட் லெஜர் பந்தயத்தையே வென்றது. மறு ஆண்டே விதி தளர்ந்தது. ஓட்டத்திடம் ஏடு தோற்றது!

அடைத்த ஏட்டுக்குள் வேறோர் ஆபத்தும் உண்டு. அரபுக் குதிரைகளில் சில குட்டிகள் நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்து, ஐந்தாறு மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. பெற்றவை இரண்டும் பார்வைக்கு நலமாகவே இருக்கும். இரண்டிலும் மறைந்துள்ள குறை ஒன்றுசேரும்போதே வெளிப்படும். தூய வம்சம் என்ற சான்றிதழ் இதைச் சொல்லாது. மரபணுச் சோதனைதான் சொல்லும்.

சங்கரன்கோவிலில் அரபு ஓதிக்கொடுக்கும் என்னைத் திருமணப் பேச்சுகளுக்குச் சிலர் உடன் அழைப்பதுண்டு. மாப்பிள்ளை நாணயமானவரா என்ற கேள்விக்கு முன், "எந்த வகையறா?" என்ற கேள்வி வந்து விழுகிறது. அண்மையில், குணமும் உழைப்பும் உள்ள ஒரு பிள்ளையின் சம்பந்தம் அந்த ஒரு கேள்வியிலேயே முறிந்தது. பெண்ணின் தாயார் கண்கலங்கி நின்றார்.

நம் முன்னோரும் சங்கிலி பார்த்தவர்களே. ஹதீஸின் இஸ்னாதைக் கண்ணி கண்ணியாக ஆராய்ந்தார்கள். ஆனால் அறிவிப்பாளரின் குலத்தைக் கொண்டு அவரை எடைபோடவில்லை. வாய்மையையும் நினைவாற்றலையுமே நிறுத்துப் பார்த்தார்கள். இமாம் மாலிக், நாஃபிஉ, இப்னு உமர் என அமைந்த தொடரைப் "பொற்சங்கிலி" என்று போற்றினார்கள். அதன் நடுக்கண்ணியான நாஃபிஉ, விடுதலை பெற்ற அடிமை!

வம்சம் விசாரிக்கும் பெரியவர்கள் இவ்வாறு விசாரிக்கட்டும்.