அட்டெண்டன்ஸில் விட்டுப்போன பேரு!

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா பாஸ்? 'கிரஞ்ச்'னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல யார் முகம் ஞாபகம் வருது?

கலைஞ்ச செம்பட்டை முடி, கட்டம் போட்ட சட்டை, கிழிஞ்ச ஜீன்ஸ்... கர்ட் கோபெய்ன். கரெக்டா? ஹாஸ்டல் சுவர்ல போஸ்டரா தொங்குவார். நாக்கை நீட்டுற மஞ்சள் ஸ்மைலி போட்ட 'நிர்வாணா' டி-ஷர்ட்ல ரங்கநாதன் தெரு வரைக்கும் வந்துட்டார். அந்த டி-ஷர்ட் போட்டவங்கள்ல எத்தனை பேர் பாட்டைக் கேட்டாங்கங்கிறது தனிக் கதை!

சரி, அடுத்த கேள்வி. டினா பெல்?

முழிக்காதீங்க. சியாட்டில்காரங்கள்லயே நிறைய பேருக்கு அந்தப் பேரு ரொம்ப நாள் தெரியாது. இந்த வாரம் அவங்களைப் பத்தியும், கிட்டத்தட்ட அதே மாதிரி நம்ம ஊர்ல நடந்துக்கிட்டிருக்கிற ஒரு விஷயத்தைப் பத்தியும் பேசப்போறோம்.

கிளிப்பர் சர்க்யூட் சங்கீதம்

அமெரிக்காவோட வடமேற்கு மூலையில இருக்கு வாஷிங்டன் மாநிலம். மழை, குளிர், மரம் வெட்டிப் பிழைக்கிற சின்னச் சின்ன ஊர்கள். அங்கே பெரிய ஊர் சியாட்டில். 1980-கள்ல பல பெரிய பேண்டுகள் டூர் வந்தா அந்த மூலையைத் தொடாமலே திரும்பிடும். 'நம்மளைத் தேடி யாரும் வரமாட்டாங்க, நாமளே வாசிச்சுக்குவோம்'னு பசங்க இறங்கினாங்க. பங்க் ராக்ல இருந்து கோபத்தை எடுத்துக்கிட்டாங்க. பிளாக் சப்பாத் மாதிரி பேண்டுகள்ல இருந்து கனத்தையும் யானை நடையையும் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டையும் கலந்து, வேணும்னே அழுக்கு ஒட்டவெச்ச சவுண்டுதான் கிரஞ்ச். அந்த வார்த்தைக்கு அர்த்தமே அழுக்கு, பிசுக்குதான். மார்க் ஆர்ம்னு ஒருத்தர் 1981-லயே ஒரு சின்னப் பத்திரிகைக்குப் போட்ட லெட்டர்ல, தன்னோட பேண்டைத் தானே கலாய்க்கிறதுக்கு இந்த வார்த்தையைப் பயன்படுத்தியிருக்கார்.

அந்த அழுக்கு சவுண்ட் எப்படி வருது? ஈ.சி.ஈ. மக்களே, இது உங்க ஏரியா. ஈ.டி.சி. லேப்ல டயோடு கிளிப்பர் போட்டிருப்பீங்க. அழகான சைன் வேவ் உள்ளே போகும். மேலேயும் கீழேயும் தலை வெட்டுப்பட்டுத் தட்டையா வெளியே வரும். அதை கிராஃப் ஷீட்ல வரைஞ்சு கையெழுத்து வாங்கினதோட மறந்திருப்போம். கிடார் சிக்னலையும் அதே மாதிரி வெட்டினா, முன்னாடி இல்லாத ஹார்மானிக்ஸ் எல்லாம் புதுசா முளைச்சு, சத்தம் 'கொர்ர்ர்'னு மாறும். அதைச் செய்யறதுதான் காலால மிதிக்கிற ஃபஸ் பெடல். மட்ஹனிங்கிற பேண்டு 1988-ல ஒரு ரெக்கார்டு வெளியிட்டு அதுக்கு 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்'னு பேரு வெச்சாங்க. ரெண்டு பெடலோட பேரைச் சேர்த்து ஒட்டினதுதான் அது!

ஆறு பேண்டு, ஒரு ரெக்கார்டு

முன்னோடிகள் யார் யார்? வேகமா ஒரு ரவுண்டு போயிடலாம்.

மெல்வின்ஸ், 1983. அபர்டீன் பக்கத்துல மான்டெசானோங்கிற குட்டி ஊர்ப் பசங்க. எல்லாரும் வேகமா வாசிச்ச காலத்துல வேகத்தைக் குறைச்சு, கிடாரைக் கனமாக்கினவங்க. அபர்டீன்தான் கர்ட் கோபெய்னோட சொந்த ஊர். அங்கேருந்து சியாட்டில், நமக்கு விழுப்புரத்துலேருந்து சென்னை மாதிரி தூரம்.

1984-ல கிரீன் ரிவர், சவுண்ட்கார்டன். 1986-ல 'டீப் சிக்ஸ்'னு ஒரு தொகுப்பு ரெக்கார்டு வந்துச்சு. அதுல கிரீன் ரிவர், மால்ஃபங்ஷன், மெல்வின்ஸ், ஸ்கின் யார்டு, சவுண்ட்கார்டன், யூ-மென்னு ஆறு பேண்டுகள். கிரஞ்ச்சோட முதல் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்னு இதைத்தான் சொல்வாங்க.

1987-ல கிரீன் ரிவர் உடைஞ்சுது. நம்ம மார்க் ஆர்ம் ஒரு பக்கம் போய் மட்ஹனி ஆரம்பிச்சார். இன்னொரு பக்கம் மதர் லவ் போன். அதோட பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990-ல, 24 வயசுல ஹெராயினுக்குப் பலி. மிச்சம் இருந்தவங்கள்ல ரெண்டு பேர் சேர்ந்து உருவாக்கினதுதான் பேர்ல் ஜாம். ஹெராயின் இந்த இசைக்கு 'கெத்து' கொடுத்துச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது ஆளைத்தான் எடுத்துச்சு.

இந்தப் பேண்டுகளை வெளியே கொண்டுவந்த கம்பெனி சப் பாப். ஆரம்பத்துல அது ஒருத்தர் கையால தயாரிச்ச சின்னப் பத்திரிகை. நிர்வாணாவோட முதல் ஆல்பம் 'பிளீச்' 1989-ல அங்கேதான் வந்துச்சு. ரெக்கார்டிங் செலவு 606 டாலர் 17 சென்ட். அடுத்த ஆல்பம் 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பர்ல பெரிய கம்பெனி மூலமா வந்து, 1992 ஜனவரியில மைக்கேல் ஜாக்சனோட 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளி அமெரிக்காவுல நம்பர் 1.

அப்புறம் என்ன? மொத்த மீடியாவும் சியாட்டிலுக்கு ரயில் ஏறிடுச்சு. 1992 நவம்பர்ல 'நியூயார்க் டைம்ஸ்' பேப்பர், கிரஞ்ச் பசங்களோட கொச்சை வார்த்தைகள்னு ஒரு பட்டியலே போட்டுச்சு. மேட்டர் என்னன்னா, அத்தனையும் டுபாக்கூர்! சப் பாப்ல ரிசப்ஷனிஸ்டா இருந்த மேகன் ஜாஸ்பர், கேள்வி கேட்ட ரிப்போர்ட்டர்கிட்ட வாய்க்கு வந்ததை அடிச்சுவிட்டார். சுத்தித் திரியறதுக்கு 'ஸ்விங்கிங் ஆன் த ஃப்ளிப்பிட்டி ஃப்ளாப்'னு சொல்வோம்னாராம். அப்படியே அச்சாயிடுச்சு. அவரே பின்னாடி சப் பாப்புக்கு சி.இ.ஓ. ஆனார்.

சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப சீரியஸா யோசிங்க. இவ்வளவு பெரிய பேப்பர், இல்லாத வார்த்தையை இருக்குன்னு எழுதிடுச்சு. அப்போ, இருந்த ஆளை இல்லைன்னு விட்டிருக்கவும் முடியும்தானே?

லிஸ்ட்ல இல்லாத டினா

முடியும். விட்டிருக்காங்க.

1983-ல, கிரீன் ரிவருக்கும் சவுண்ட்கார்டனுக்கும் ஒரு வருஷம் முன்னாடி, சியாட்டில்ல 'பேம் பேம்'னு ஒரு பேண்டு ஆரம்பிச்சுது. கிடார் டாமி மார்ட்டின். முன்னாடி நின்னு பாடி, பாட்டும் எழுதினது அவரோட மனைவி டினா பெல். கறுப்பினப் பெண். கனமான கிடார், பங்க் கோபம், இருட்டான குரல்... பின்னாடி உலகம் கிரஞ்ச்னு கொண்டாடின சாமான் எல்லாம் அதுல இருந்துச்சு. ஆரம்பத்துல அவங்களுக்கு டிரம்ஸ் வாசிச்ச மேட் கேமரன்தான் பிற்பாடு சவுண்ட்கார்டனுக்கும் பேர்ல் ஜாமுக்கும் வாசிச்சார். 1984-ல பேம் பேமை ரெக்கார்டு பண்ணின கிறிஸ் ஹான்செக்தான், ரெண்டு வருஷம் கழிச்சு 'டீப் சிக்ஸ்' கொண்டு வந்தவர்கள்ல ஒருத்தர். ஆக, டினா எங்கேயோ ஓரத்துல நின்ன ஆள் கிடையாது. எல்லாரும் பார்க்கிற இடத்துல, மேடைக்கு நடுவுல நின்ன ஆள்.

ஆனா 1991-க்கு அப்புறம் பத்திரிகைகளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டுச்சு. நீள முடி, கட்டம் போட்ட சட்டை, வெள்ளைக்காரப் பையன். அந்த அச்சுல டினா பொருந்தலை. அதுக்குள்ள அவங்களும் பாடுறதை விட்டுட்டாங்க. 2012-ல அவங்க மகன் டி.ஜே. மார்ட்டின், 'அன்டிஃபீட்டட்' டாக்குமென்டரிக்காக ஆஸ்கர் வாங்கினார். அதே வருஷம் டினா லாஸ் வேகாஸ்ல இறந்துபோனாங்க. 'கிரஞ்ச்சின் காட்மதர்'னு பேப்பர்கள் எழுத ஆரம்பிச்சது எல்லாம் அதுக்குப் பிறகுதான். யாரும் அவங்க பேரை வேணும்னே ரப்பர் வெச்சு அழிச்சிருக்கணும்னு அவசியமில்லை. அட்டெண்டன்ஸ் எடுத்தவங்க தலையை நிமிர்த்திப் பார்க்கலை, அவ்வளவுதான். ரிசல்ட் என்னவோ ஒண்ணுதான்.

அடுத்த ஸ்டேஷன் சானடோரியம்

'இது சியாட்டில் பஞ்சாயத்து, நமக்கென்ன?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயின் ரூட்லயே ஒரு பேரு இருக்கு.

தாம்பரத்துலேருந்து பீச் பக்கம் போனா அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928-ல டாக்டர் சௌரி முத்து ஆரம்பிச்ச காசநோய் சானடோரியத்தால வந்த பேரு. அங்கே இறங்கினா தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005-ல திறந்தாங்க. அதோட ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாச பண்டிதர் பேரு. மூட்டு வலிக்கு பாட்டியைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. போர்டைப் படிச்சிருக்கீங்களா?

அயோத்திதாசர் (1845-1914) சித்த வைத்தியர். 1907-ல 'ஒரு பைசாத் தமிழன்'னு வாரப் பத்திரிகை நடத்தினவர். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் சாதியற்றவங்கன்னு மக்கள்தொகைக் கணக்கெடுப்புல பதியணும்னு சொன்னவர். அதாவது, அரசாங்க ரிஜிஸ்டர்ல நம்ம பேரை நாமதான் சொல்லணும்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டவர். அவரையே பல பத்து வருஷம் மறந்துட்டோம். 1999-ல ஞான. அலாய்சியஸ் அவர் எழுத்துகளைத் தொகுத்த பிறகுதான் மறுபடி பரவலா பேச ஆரம்பிச்சாங்க.

ராக் மியூசிக்குக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு! சென்னையோட 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேண்டு தன் பேரையே இவரோட 'சாதியற்ற தமிழர்'ங்கிற சிந்தனையிலேருந்துதான் எடுத்துச்சு. இயக்குநர் பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கினது. 19 பேர். 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல முதல் மேடை. ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, சட்டி, கட்ட மோளம். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில. இட ஒதுக்கீடு, மலம் அள்ளுற கொடுமைன்னு, லைட் மியூசிக் மேடையில யாரும் தொடாத விஷயங்களைப் பாடினாங்க.

சென்னைக்குன்னு சொந்தமா ஒரு சவுண்ட் இருக்குன்னா அது கானாதான். வட சென்னைக் குடிசைப் பகுதிகள்ல, சாவு வீட்டுல ராத்திரி முழுக்கப் பாடிப் பாடி வளர்ந்தது. கையில கிடைச்சதைத் தட்டினாலே தாளம். சியாட்டில் பசங்க மாதிரியே, 'யாரும் நம்மளைத் தேடி வரமாட்டாங்க'ங்கிற இடத்துல பிறந்த இசை. சினிமா தேவா காலத்துல அதை எடுத்துக்கிச்சு. 2006-ல 'சித்திரம் பேசுதடி'யில கானா உலகநாதன், 2012-ல 'அட்டகத்தி'யில கானா பாலான்னு சில பேர் முகம் தெரிஞ்சுது. மத்தவங்க? 'யாரோ பாடினது'தான்.

கானாவுலயும் கோளாறு இல்லாம இல்லை. பொண்ணுங்களைத் திட்டுற பாட்டு எக்கச்சக்கம். ஆம்பளைங்க கோட்டையா இருந்த அந்த மேடையில ஏறின இசைவாணி, 2020-ல பி.பி.சி.யோட 100 பெண்கள் பட்டியல்ல வந்தாங்க. டினா பெல்லுக்கு உயிரோட இருக்கும்போது கிடைக்காத அட்டெண்டன்ஸ் அது.

ஆனா கதை அத்தோட சுபமா முடியலை. அதே பேண்டுல இருந்து வந்தவர் அறிவு. 2021-ல 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் பூரா போச்சு. எழுதி, தீயோட சேர்ந்து பாடினவர் அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாள்கிட்ட இருந்து வந்த கதைன்னு சொன்னார். அந்த ஆகஸ்ட்ல 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அந்தப் பாட்டையும், அறிவு வரிகள் எழுதின இன்னொரு பாட்டையும் சொல்லி அட்டைப்படம் போட்டுச்சு. அட்டையில தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க. அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையா கேட்டார். நிறைய பேர் கேட்டாங்க. அப்புறம் அறிவுக்கு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. அந்த ரெண்டு பேர் திறமை மேல யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி, கேமரா யார் பக்கம் தானா திரும்புது, யார் பக்கம் கேட்ட பிறகு திரும்புதுங்கிறதுதான்.

டினாவுக்காக அன்னிக்கு யாரும் கேட்கலை. அறிவுக்காகக் கேட்டாங்க. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா அது சின்ன வித்தியாசம் இல்லை.

இப்ப நம்ம டர்ன்

நம்ம கல்ச்சுரல்ஸைக் கொஞ்சம் பாருங்க. வெஸ்டர்ன் பேண்டுக்கு ஒரு போட்டி, லைட் மியூசிக்குக்கு ஒரு போட்டி, கிளாசிக்கலுக்கு ஒண்ணு. கானாவுக்கு? கடைசி பெஞ்ச்சும் காலேஜ் பஸ் பின் சீட்டும்தான். சிட்லபாக்கத்துலேருந்தும் பெருங்களத்தூர்லேருந்தும் ட்ரெயின் பிடிச்சு வர்ற பசங்க, கம்பார்ட்மென்ட் சுவரைத் தட்டிச் சொந்தமா வரி கட்டிப் பாடுறாங்க. நாம மொபைல்ல வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். கீழே பேரு போடுறோமா?

சியாட்டில் கதையில எனக்குப் பெருசா பட்டது 606 டாலர்தான். சரித்திரம் ஆரம்பிக்க அவ்வளவு காசு போதும். காசே இல்லாமலும் ஆரம்பிக்கும். ஆனா அதை எழுதி வைக்கிறதுக்கு, பக்கத்துல நின்னு பார்த்த ஒருத்தர் வேணும். நம்மளால கிடார் வாசிக்க முடியாமப் போகலாம். இந்த வேலையை யார் வேணும்னாலும் செய்யலாம்.

கோபெய்ன் போஸ்டரைக் கழட்ட வேண்டாம் பாஸ், அது பாட்டுக்கு இருக்கட்டும். உங்க கிளாஸ்ல டெஸ்க் தட்டிப் பாடுற பையனோ பொண்ணோ இருந்தா, அடுத்த வீடியோவை அப்லோடு பண்றதுக்கு முன்னாடி, பாட்டு யார் எழுதினதுன்னு கேளுங்க. முழுப் பேரையும், இனிஷியலோட!