குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

என் தங்கையை அத்தை மகனுக்கே கொடுத்தோம். முதல் குழந்தை மஞ்சள் பூத்து, பால் குடிக்காமல் துவண்டு, பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. "தோஷம்" என்றார்கள்.

அடுத்தவன் பிறந்ததும் டாக்டரம்மா குதிகாலில் ரத்தம் எடுக்க வந்தார். "பச்சைப் பிள்ளையைக் குத்தணுமா?" என்றார் அத்தை. "குத்தட்டும் அத்தே" என்றேன் நான்.

காலக்டோசீமியாவாம்! பாலிலுள்ள சர்க்கரையே அந்த உடம்புக்கு நஞ்சு. ரத்தம் காட்டிய சந்தேகத்தை மரபணு வரிசைச் சோதனை உறுதி செய்தது: தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்த பழுது. ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. டாக்டர் சொன்னபடி தாய்ப்பாலை நிறுத்தி, குழந்தைகளுக்கான சோயா மாவைக் கரைத்துக் கொடுத்தோம்; பிள்ளை தேறினான்.

சகோதரிகளே, உறவில் திருமணமா? காரணம் தெரியாமல் சிசு இறந்த வீடா? பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறந்த 2, 3 நாட்களுக்குள் சோதித்துவிடலாம்.