தோன்றா எழுவாய்

2022 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பி.எம்.பி. தேர்வுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், கூட இரு என்றாள். திட்ட மேலாளர்களுக்கான சான்றிதழ் அது. என் ஆங்கிலம் அவளுடையதைவிட மோசம். பக்கத்தில் யாராவது இருந்தால் போதும் என்று நினைத்திருப்பாள்.

35 மணி நேரப் பயிற்சியை முடித்திருந்தாள். சனிக்கிழமைகளில் ஆன்லைன் வகுப்பு. காதில் ஹெட்செட், அடுப்பில் குக்கர். தேர்வில் 180 கேள்விகள், 230 நிமிடங்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. சிக்கல் வேறு. பட்டதாரிகள் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். அதுவும் கடைசி எட்டு ஆண்டுகளுக்குள்.

நடுவில் பிள்ளை பெறாதவர்களுக்கு எட்டு ஆண்டு தாராளம்தான். இவள் 2010 முதல் டீம் லீட். 2015 பிப்ரவரியோடு வேலையை விட்டாள். 2020 ஜனவரியில்தான் திரும்ப முடிந்தது, ஒரு படி கீழே. 2014 ஜூனுக்கு முந்தைய நான்கு ஆண்டுகள் கணக்கிலேயே வராது. அதற்குப் பிறகான 9 மாதங்கள் தேறின. திரும்பிய பிறகு 29 மாதங்கள். அதில் முதல் ஏழை அவளே கழித்துவிட்டாள். “அப்ப நான் லீட் இல்லக்கா.” ஆக, 31.

ஐந்து மாதம் பொறுத்தால் ஆயிற்று என்றேன். காகிதத்தில் போட்டுக் காட்டினாள். இந்தப் பக்கம் ஒரு மாதம் சேரும்போது அந்தப் பக்கம் பழைய மாதம் ஒன்று உதிர்ந்துவிடும். ஒன்பது மாதங்களுக்கு அவள் 31-லேயே நிற்பாள். 36 ஆக, மொத்தம் 14 மாதம் காத்திருக்க வேண்டும். (குடும்பத்தை நடத்தும் பெண்தான் உலகத்திலேயே பெரிய மேலாளர் என்று மகளிர் தினத்தன்று மேடையில் பேசுகிறார்கள். வீட்டு வேலையும் கல்யாண ஏற்பாடும் இங்கே ஒரு நாள் அனுபவமாகக்கூட ஏறாது.)

“அந்த ஏழு மாசம் என்னதான் செஞ்சே?”

எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். வேலைகள் பிரித்துத் தரப்பட்டன. ஊரடங்கு வந்ததும் கால அட்டவணை மாற்றப்பட்டது. தாமதம் ஏன் என்று கிளையன்டுக்கு விளக்கப்பட்டது. யாரால் என்று கேட்டேன். “நான்தான். அவர் பேர்ல இருந்துச்சு, அவ்ளோதான்.”

இருபது வருடமாக வகுப்பில் தோன்றா எழுவாய் நடத்துகிறேன். எழுவாய் மறைந்திருந்தாலும் வினைமுற்றைப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம். இவள் வாக்கியங்களில் அதற்கும் வழியில்லை. ஆள் வருகிற ஒரே வரியிலும் ‘அசிஸ்டட்’ என்று போட்டிருந்தாள்.

விண்ணப்பம் பதவிப் பெயரைப் பெரிதாகக் கேட்கவில்லை, செய்ததைத்தான் கேட்கிறது. ஆனால் சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். அப்போது அந்தந்தத் திட்டத்தை அறிந்தவர் கையெழுத்திட வேண்டும். அந்த ஏழு மாதங்களுக்கு யாரைக் கேட்பது? பெயரில் லீடாக இருந்தவரைத்தான். அவளுக்கு மனம் வரவில்லை. “நான் அவர் எடத்துக்கு ஆசப்படுறேன்னு நெனச்சுப்பார்க்கா.” நான்கு நாள் தள்ளிப்போட்டாள். பிறகு என் சமையலறையில் நின்றபடி ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

“இதுல என்ன இருக்கு? நீங்கதானே எல்லாத்தையும் பாத்துக்கிட்டீங்க. தாராளமா போடுங்க, நான் சைன் பண்றேன்,” என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். அந்த வருட மதிப்பீட்டில் இவளைப் பற்றி ‘குழுவுக்கு நன்றாக ஒத்துழைப்பவர்’ என்று எழுதியவரும் அவர்தான்.

அவள் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து, ‘அசிஸ்டட்’ என்பதை அழித்துவிட்டு ‘லெட்’ என்று அடித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாக மாற்றிக்கொண்டு வந்தாள். நான் காபி கலந்து கொண்டுவந்தபோது காகிதத்தில் மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள்.

“38 வருதுக்கா. ரெண்டு மாசம் கூடவே இருக்கு.”