கண்டிச்சீமைக்குப் போன வழி

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. நம் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலில்தான் போனார்களா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற கதையா அது?

கப்பலெல்லாம் பிற்காலத்து வசதி. வெள்ளைக்காரன் கண்டி மலையில் காப்பி போட்ட 1840-களில் போனவர்களுக்கு நடைதான். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில், ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கடற்கரை வரை நடப்பார்கள். பாம்பனிலோ தொண்டியிலோ தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினால், கண்டி மலை ஓரத்து மாத்தளைக்கு 100 மைலுக்கு மேல் வன்னிக் காடு. காப்பிப் பழம் பறிப்புக்குப் போய்ச் சேர வேண்டுமே, அதனால் காடு காய்ந்து கிடக்கிற மாதங்களில்தான் பயணம். குளத்தில் மிஞ்சிய கலங்கல் தண்ணீர்தான் குடிக்க. முன்னால் போன கூட்டமும் அதிலேயே குடித்து, குளித்துவிட்டுப் போயிருக்கும். காலராவுக்கு வேறென்ன வேண்டும்? விழுந்தவரைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லாமல் வழியிலேயே விட்டுப் போனதும் உண்டு. யானை, சிறுத்தை என்று கதை சொல்வார்கள். அதிகம் பேரைக் கொண்டுபோனது நோய்தான்.

அப்படிப் போனவர்கள் குடியேறவும் போகவில்லை. பழம் பறித்து முடித்து, தை அறுப்புக்கு ஊர் திரும்பியவர்களே அதிகம். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் காப்பி ஒழிந்து தேயிலை வந்துவிட்டது. கொழுந்து எடுக்க வருஷம் முழுக்க ஆள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். குடும்பத்தோடு லயம் என்கிற வரிசை வீடுகளில் தங்கவைத்தார்கள். நம்மை அங்கே குடிவைத்தது ஒரு பூஞ்சைதான் என்பது என் கட்சி.

1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வந்தது. போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் பார்த்து அனுப்புகிற வழக்கமும் பிறகு வந்தது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டார்கள். நம் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. எங்களை ராமேஸ்வரத்தில் இறக்கி, அதே மண்டபம் முகாமில் வைத்திருந்துதான் கோத்தகிரிக்கு அனுப்பினார்கள்.

அப்போது எங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை உன் அப்பாவிடம் இருக்கிறது. தாத்தாவின் பூர்வீக ஊர் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா
கோத்தகிரி