வேலியில் ஒரு பொட்டு

சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்கும் பெரியம்மா வளவுக்கும் நடுவில் பனையோலை வேலி. குசினிக்குப் பின்னால், கிணற்றடிக்குப் போகிற வழியில், இரண்டு பூவரசங் கதியால்களுக்கு இடையில் மட்டும் ஓலை வைத்துக் கட்டுவதில்லை. அந்த இடைவெளியைத்தான் பொட்டு என்போம். பெரியவர்கள் குனிந்து, ஒரு தோளை முன்னுக்குச் சரித்து அதற்குள்ளால் வருவார்கள். சிறுவர்கள் ஓடிவந்த வேகத்திலேயே நுழைவோம். வலப்பக்கத்துக் கதியாலில் எல்லோரும் கை வைத்து வைத்து, அந்த இடத்துப் பட்டை மட்டும் மினுமினுப்பாக இருக்கும்.

அவசரத்துக்கு ஒரு சுண்டு அரிசி, சிரட்டையில் நெருப்புத் தணல், பாதித் தேங்காய், அரிக்கன் லாம்பு, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அவித்த கொத்தமல்லித் தண்ணி எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வந்தன. "உதை பெரியம்மாட்டைக் குடுத்திட்டு ஓடி வா மோனை" என்று அம்மா மூடிய சட்டியைக் கையில் தருவார். என்ன கறி என்று மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. திரும்பி வரும்போது சட்டிக்குள் வேறொன்று இருக்கும்.

பெரியம்மா, அம்மா, சின்னம்மா, ஆசையம்மா என்று அக்கா தங்கைகள் நால்வரும் இப்படி வேலிக்கு வேலி குடியிருந்ததற்கு ஒரு பழைய சட்டம் காரணம். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்கத்தைய வழக்கங்களைத் தொகுத்துக் கொடுக்க, 1707இல் அது தேசவழமை என்று சட்டமாயிற்று. மகனுக்கு முதுசம், மகளுக்குச் சீதனம். எங்கள் ஊரில் சீதனம் என்றால் முதலில் காணியும் வீடும். நகையும் காசும் அதற்குப் பிறகு. அம்மப்பாவிடம் இருந்த குடியிருப்புக் காணி 14 பரப்பு, ஏக்கர்க் கணக்கில் ஒன்றுகூட இல்லை. அதைப் பெரியம்மாவுக்கு 4, அம்மாவுக்கு 3, சின்னம்மாவுக்கு 3, கடைசி மகளுக்குப் பழைய வீட்டோடு 4 என்று பிரித்து எழுதினார். மூன்று மாமாமாருக்கு அதில் ஒரு குழியும் இல்லை. சீதனத்தால் கண்ணீர் வடித்த வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம், அதை மறைக்க மாட்டேன். எங்கள் ஆசையம்மாவே கலியாணம் செய்யாமல் இருந்ததில் அந்தக் கண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனாலும் ஒரு தாயின் பெண் பிள்ளைகளைச் சாகும்வரை கூப்பிடு தூரத்தில் வைத்திருந்ததும் அதே வழக்கம்தான்.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், தன் சித்தி வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருமுறை லீவுக்குப் போனதைப் பெரிய சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்தான் பெட்டியோடு வந்து சேர்கிறான். மட்டக்களப்பிலும் வீடு மகளுக்குத்தான். அதனால் எங்கள் சின்னம்மாவைப் பார்க்கப் பஸ் ஏறவேண்டியதில்லை, குனிந்தால் போதும். பஸ் ஏறிப் பார்த்தது அப்பாவின் தங்கையை, அளவெட்டி மாமியை.

மாமி வீட்டில் நாங்கள் விருந்தாளிகள். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தருவார். மேளகாரர் நிறைந்த ஊர் அது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர். பின்னேரங்களில் ஏதோ ஒரு வளவிலிருந்து யாரோ ஒரு பிள்ளை தவில் சாதகம் செய்வது கேட்கும். பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டே மாமியின் கை அந்தக் கணக்குக்குப் போகும். தெட்சணாமூர்த்தி 1975இல் கண்மூடியபோது, அவரோடு ஒருநாளும் பேசியிராத மாமி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. இசையை நேசிப்பது எப்படி என்று நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

பெரியம்மாவின் கைவண்ணம் கூழ். சனிக்கிழமைகளில் சங்கானைச் சந்தையிலிருந்து நண்டும் இறாலும் சின்னமீனும் வந்தால் நான்கு வளவுக்கும் செய்தி போய்விடும். ஒடியல் மாவைக் காலையிலேயே தண்ணீரில் போட்டுவைப்பார். கைப்பு இறங்கவேண்டும். அந்தத் தண்ணீரை எப்போது வடிப்பது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு. பெரிய பானையில் பயித்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் மீனோடு அவியும். கரைத்த மாவும், செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும், பழப்புளியும் கடைசியில் சேரும். முற்றத்தில் வட்டமாக இருப்போம். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்திப் பெரியப்பா ஆளுக்கொன்று தருவார். உறைப்பில் மூக்கு ஒழுகும், கண் கலங்கும், ஒருவரும் எழும்பமாட்டோம். பதினெட்டு, இருபது பேர் இருப்போம். யாருடைய பிள்ளை யார் என்று பெரியம்மா பார்த்ததில்லை. மெலிந்த பிள்ளை எது என்றுதான் பார்ப்பார். அந்தப் பிள்ளையின் இலைக்கு நண்டுக்கால் போகும்.

சின்னம்மா அதிகம் பேசமாட்டார், தையல் மெசினோடு இருப்பார். எங்கள் தீபாவளிச் சட்டைகள் எல்லாம் ஒரே துணியில் வந்ததால், மானிப்பாய் மருதடிப் பிள்ளையாரின் தேருக்குப் போகும்போது கூட்டத்தில் எங்களைக் கண்டுபிடிப்பது சுகம். தேர் சித்திரை வருஷப் பிறப்பன்று. காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, ஒவ்வொரு பொட்டாக நுழைந்து கைவிசேடம் வாங்கிக்கொண்டு ஆசையம்மா வீட்டில் போய் முடிப்போம். வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்து அவர் தருவார். ஆசிரியைச் சம்பளம். மற்றவர்கள் 25 சதம் தந்த காலத்தில் அவரிடமிருந்து ஒரு ரூபாய் வரும். கூடவே, "இதிலை எப்பன் மிச்சம் பிடிச்சு ஒரு புத்தகம் வாங்கு ராசா" என்ற சொல்லும். நான் இன்று எழுதுகிறேன் என்றால் அந்த ஒரு ரூபாய்க்குத்தான் அதில் முதல் பங்கு.

இனி மாமாவைச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு நேர் மூத்தவர். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். விடுமுறைக்கு யாழ்தேவியில் வருவார். 1956இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில்தான் எங்கள் வீட்டுக்குத் தெற்கின் பழங்களைக் கொண்டுவந்தது. ஆடி மாதத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும், மற்ற நாட்களில் மஸ்கட் இனிப்பு. திரும்பும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழம், முருங்கைக்காய், புழுக்கொடியல், நல்லெண்ணெய்ப் போத்தல் என்று நான்கு வீட்டாரும் அவர் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். சின்னம்மாவின் கலியாணக் கடனை அடைத்து முடிக்கும்வரை அவர் தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையாகி உரும்பிராய்க்குப் போகும்போது அவருக்கு 36 வயது.

1974இல் பொட்டு அடைபட்டது.

வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வராமல் அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் முதல்முறையாக நல்ல காசு புழங்கியது. அதோடு கிணற்றுத் தண்ணீரின் பெறுமதியும் ஏறியது. தோட்டத்துக் கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பங்குக் கிணறு. துலா மிதித்து இறைத்த நாட்களில் வராத பிரச்சினை, இறைப்பு மெசின் வந்தபின் வந்தது. யாருடைய முறை, எத்தனை மணித்தியாலம், யார் வைகாசி வெயிலில் கிணற்றை வற்றப் பண்ணினது என்று ஒருநாள் வார்த்தை தடித்தது. அந்த வருஷத்து வேலியடைப்பின்போது பெரியப்பா பொட்டுக்கும் ஓலை வைத்துக் கட்டச் சொல்லிவிட்டார். அப்பா விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பத்தடி தூரம் ஒழுங்கையால் சுற்றி இருநூறு அடியாயிற்று. சிறுவர்கள் சுற்றிப் போய்வந்தோம். அம்மா போகவில்லை, பெரியம்மா வரவில்லை, அவரவர் புருஷனின் முகத்துக்காக. ஆனால் மத்தியானங்களில் ஆண்கள் இல்லாத நேரம் அம்மா வேலியோரம் தேங்காய் துருவ இருப்பார். ஓலைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா அரிசி புடைப்பார். முகம் தெரியாது. "தம்பிக்குச் சளி விட்டிட்டுதே?" என்று ஓலை கேட்கும். "ஓம் அக்கா, இரவு நித்திரை கொண்டவன்" என்று இங்கிருந்து பதில் போகும். எட்டு மாதம் அப்படி. ஓலைக்குள்ளால் வந்த அந்தக் குரல் இப்போதும் எனக்கு முகத்தைவிடத் தெளிவாக நினைவிருக்கிறது.

சீரணி அம்மன் திருவிழாவுக்கு லீவு போட்டு மாமா வந்தார். வந்த பின்னேரம் வேலியைப் பார்த்தார், ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தநாள் விடியப்புறம் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, சின்னக் கத்தியோடு பொட்டடிக்குப் போனார். நான் பின்னால் போய் நின்றேன். ஓலையை வெட்டவில்லை. கட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து, ஓலையை உருவி, மடித்து, பிறகு உதவும் என்பதுபோல ஓரமாக அடுக்கினார். பெரியப்பா வேப்பங்குச்சியோடு முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் மாமா கையைத் தட்டிவிட்டு, குனிந்து, தோளைச் சரித்து, அந்தப் பக்கம் போனார்.

"அத்தான், தேத்தண்ணி போட்டாச்சே?"

பெரியப்பா வாயைக் கொப்பளித்தார். கொஞ்ச நேரம் சென்றது.

"வா. அவனையும் கூப்பிடு."

அவன் என்றது அப்பாவை. வேறு யார் அந்தக் கட்டை அறுத்திருந்தாலும் சண்டை பொலிசுவரை போயிருக்கும். அந்த நிலத்தில் ஒரு குழி மண்ணும் கேட்காமல் அக்கா தங்கைமாருக்கு விட்டுக்கொடுத்தவருக்கு எதிராகப் பேச இரண்டு மைத்துனர்மாருக்கும் வாய் வரவில்லை. தாய்மாமன் என்றால் சாமத்தியச் சடங்கில் தேங்காய் உடைப்பவர், கலியாணத்தில் முன்னுக்கு நிற்பவர் என்று சடங்குகளை வைத்துத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தாய்மாமன் என்றால் அந்த விடியப்புறம்தான்.

பெரியப்பா 1982இல் காலமானார். இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்கு விபரம் எழுதியது அப்பா. மக்கள், மருமக்கள் என்று எழுதி வந்து, பெறாமக்கள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். பெறாத மகன். அந்தச் சொல்லை அதற்கு முன் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், அன்று வானொலியில் கேட்டபோதுதான் அது எனக்குள் இறங்கியது. பெறவில்லை என்று ஒப்புக்கொண்டே மகன் என்று எழுதிவைக்க ஒரு சொல் எங்கள் பேச்சில் இருக்கிறது. கூழ்ப் பானையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் அது பொருந்தும்.

அடுத்த வருஷம் ஆடிக் கலவரம். கொழும்பில் மாமா இருந்த வாடகை வீடு எரிந்தது. அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒழுங்கையால் நடந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. உரும்பிராய் வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆசையம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பெரிய அறையைக் கூட்டி விட்டார். தான் கேட்காமல் விட்ட அந்த 14 பரப்பில் மாமா இரண்டு வருஷம் இருந்தார். ஒருநாளைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு. இரவில் ஒவ்வொரு பொட்டாகக் குனிந்து, "கதவு பூட்டியாச்சே பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டு போவார்.

1995 ஒக்ரோபர் 30, வலிகாமமே எழும்பி நடந்த இரவில் நாங்களும் நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. சைக்கிள் கரியரில் பெரியம்மாவை இருத்தி நான் உருட்டினேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஏழு குடும்பங்கள். எல்லோரும் சேலைகளைக் கட்டி மறைப்பு எடுத்தார்கள். பெரியம்மாவும் தன் நூல்சேலையைக் கட்டினார், அம்மா இருந்த பக்கத்தில் ஒரு முழம் விட்டுத்தான் கட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது வேலியே இல்லை. கறையான் தின்று, மழை கொட்டி, கதியால்கள் மட்டும் துளிர்த்து நின்றன. நான்கு வளவும் ஒரே வளவாக, அம்மப்பா பிரித்து எழுதுவதற்கு முந்திய காலம்போலக் கிடந்தது. கொஞ்ச மாதம் அப்படியே விட்டுவைத்தோம்.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பெரியம்மாவின் மகள் லண்டன், சின்னம்மாவின் பிள்ளைகள் ஸ்காபரோவிலும் சூரிச்சிலும். அம்மாவின் வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய், அவளும் கனடா போய்விட்டாள். நான் மனைவியின் ஊரில், கோண்டாவிலில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டிலிப்பாய்க்குப் போய்க் கதவுகளைத் திறந்து காற்று விடுகிறேன். மூன்று வீட்டுத் திறப்பும் என்னிடம். தங்கச்சியின் பிள்ளைகள் தொலைபேசியில், "மாமா, கிணத்தைக் காட்டுங்கோ" என்று கேட்பார்கள். நான் கமராவைக் கிணற்றுக்குள் சரிப்பேன்.

சென்ற மாசியில் தங்கச்சி மதில் கட்டக் காசு அனுப்பினாள். கதியால் வேலியை வருஷா வருஷம் அடைக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை, ஓலையும் விலை. அத்திவாரம் வெட்டி, கல் அரிந்து அடுக்கியாயிற்று. பொட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் மேசன் தம்பியை நிற்பாட்டினேன். அதற்கு முதல் இரவே லண்டனுக்குக் கதைத்திருந்தேன். பெரியம்மாவின் மகள் நான் கேட்டு முடிக்க முன்னம், "விடுங்கோ அண்ணை, விடுங்கோ" என்றாள், பிறகு கொஞ்ச நேரம் அவளால் பேச முடியவில்லை.

"இதிலை கேற் போடுறதே ஐயா?" என்று மேசன் கேட்டார்.

"இல்லைத் தம்பி. கேற் வேண்டாம். சும்மா விடுங்கோ."

"எவ்வளவு அகலம் விடுறது?"

நான் அந்த இடத்தில் போய் நின்று, தோளைச் சரித்து, இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக் காட்டினேன், மூடிய சட்டி ஒன்றைப் பிடித்திருப்பதுபோல. அவர் டேப்பை எடுத்து அளந்தார்.