அப்பா எழுதிவைத்த தாள்

கொச்சி பிராட்வேயிலிருந்து கேரள உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். 'நிறைவாக வாழ்ந்துவிட்டேன், இனி என் விருப்பப்படி விடைபெற அனுமதியுங்கள்' என்று அங்கு மனுச் செய்தார் ஓய்வுபெற்ற ஆசிரியர் சி. ஏ. தாமஸ் மாஸ்டர். நோயையோ துயரத்தையோ அவர் காரணமாகக் காட்டவில்லை. நோக்கம் எதுவாயினும் அது தற்கொலையே என்று கூறி, 2000-ஆம் ஆண்டு நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது.

மட்டாஞ்சேரியில் வீடும் பிராட்வேயில் ஜவுளிக்கடையுமாக வாழ்ந்த என் அப்பா இவ்வழக்கைப் பற்றி அடிக்கடி பேசுவார். "வராத சாவை நாமாகப் போய் அழைக்கக் கூடாது, வந்துவிட்டதை வாசலில் மறித்து நிற்கவும் கூடாது" என்பது அவர் கட்சி.

சட்டமும் ஏறத்தாழ அங்குதான் வந்து நின்றது. ஊசி போட்டு உயிர் போக்குவது இன்றும் குற்றம். ஆனால் மீளவே வழியில்லாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்பதை 2011-இல் அருணா ஷான்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொள்கையளவில் ஏற்றது. அதற்கான விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்ததை 2023-இல் தளர்த்தி, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றாக்கியது.

அப்பா அப்படியொரு தாளை எழுதி, என்னையும் தங்கையையும் பொறுப்பாளர்களாகக் குறித்திருக்கிறார். இரண்டு மருத்துவக் குழுக்களும் கைவிரித்துவிட்டால் சுவாசக் கருவி வேண்டாம். வலிக்கான மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது.

என்னை உறுத்தியது ஒரே கேள்வி. தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவுக்கு அஞ்சி எழுதிய ஒப்பம் விருப்பம் ஆகுமா? அவரிடமே கேட்டேன். "கடைக்காரன் கணக்குப் பார்க்காமல் இருப்பானா? ஆனால் அது மட்டும் காரணமில்லை" என்றார். 2008-லேயே நோய்த்தணிப்புச் சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, செவிலியரை வீட்டுக்கே அனுப்பும் மாநிலத்தில் இருந்துகொண்டு அவரால் அப்படிச் சொல்ல முடிகிறது. வலி தணிக்க ஆளில்லாத ஊரில் இதே தாள் ஏழையை வெளியே தள்ளும் கதவாகிவிடக்கூடும்.

தங்கை இன்னும் ஒப்பமிடவில்லை. "மூச்சுத் திணறும்போது அப்பாவே காப்பாற்றச் சொன்னால்?" என்கிறாள். சுயநினைவோடு முடிவெடுக்க முடிகிறவரை அவர் சொல்லே செல்லும். அது இயலாதபோதுதான் தாள் பேசும். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் திரும்பப் பெறவும் முடியும். இதைச் சொன்ன பிறகே அவள் தாளை வாங்கி முழுவதும் படித்தாள்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.